வால்பாறை 40 வளைவு: கார் பிரியர்கள் கூட்டுப் பயணம் (தேதி மாறியது, பிப்ரவரி 7, 8)

ஈச்சனாரி_எக்ஸ்பிரஸ் | ஜனவரி 9, இரவு 9:40

வணக்கம் நண்பர்களே. ஏற்காடு போய் வந்ததில் இருந்தே அடுத்தது எங்கே என்று பலரும் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். இந்த முறை வால்பாறை. கோவையில் இருந்து பொள்ளாச்சி 40 கிலோமீட்டர், பொள்ளாச்சியில் இருந்து வால்பாறை 64. ஆழியாறு அடிவாரம் வரை தென்னந்தோப்பும் புளியமரமுமாகப் போகும். அதற்கு மேல் 40 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை.

நான் நினைத்திருப்பது இது. ஜனவரி 24 சனிக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு ஈச்சனாரி பிள்ளையார் கோவில் பக்கம் கூடுகிறோம். பொள்ளாச்சியில் இட்லி. ஏழரைக்குள் ஆழியாறு. வெயில் ஏறும் முன் மேலே போய்விடலாம். சனி இரவு வால்பாறையில் தங்கி ஞாயிறு இறங்குகிறோம். எந்தக் காராக இருந்தாலும் வரலாம், சின்னது பெரியது கணக்கில்லை. ஏற்காட்டுக்குப் பதினான்கு கார் வந்தது. இந்த முறை இருபது சேர்ந்தால் அத்தனையும் ஒரே வரிசையில் தேயிலைத் தோட்டத்துக்குள் போகும் படம் ஒன்று எடுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

வருகிறவர்கள் இங்கேயே பெயர் கொடுங்கள்.

டர்போ_தம்பி | ஜனவரி 9, இரவு 10:15

முதல் பெயர் என்னுடையது அண்ணா. போன மாதம்தான் கார் எடுத்தேன், இன்னும் மலை ஏற்றவில்லை. ஒரு கேள்வி. வேகமாக ஓட்டத் தெரிந்தவர்களை முன்னால் தனியாக விட முடியுமா? ஏற்காட்டில் எனக்கு முன்னால் போன கார் ஒவ்வொரு வளைவுக்கும் நின்று நின்று போனது. பின்னால் வந்தவர்களுக்கு ஓட்டிய திருப்தியே இல்லை.

தென்னந்தோப்பு | ஜனவரி 10, காலை 6:50

நான் பொள்ளாச்சிக்காரன், அதனால் சொல்கிறேன். அந்தத் தேதி வேண்டாம். 26 திங்கள் குடியரசு தின விடுமுறை, மூன்று நாள் சேர்ந்து வருகிறது. ஆழியாறு சோதனைச் சாவடியிலேயே வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். அதற்கு அடுத்த வாரமும் வேண்டாம். பிப்ரவரி 1 தைப்பூசம். பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் அந்த வாரம் முழுக்கக் கோவை, பொள்ளாச்சி சாலையில் விடியற்காலை இருட்டிலேயே நடப்பார்கள். காவடியும் குழந்தையுமாக ஓரத்தில் போகிறவர்களுக்குப் பக்கத்தில் நம் வரிசை போவது சரியில்லை. பிப்ரவரி 7, 8 என்றால் மலையும் காலி, சாலையும் காலி.

இன்னொன்று, இ-பாஸ். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இருந்தது போல 2025 நவம்பர் 1 முதல் வால்பாறைக்கும் வந்துவிட்டது. ஒவ்வொரு காருக்கும் தனித்தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சாவடிக்கு வந்தபின் போனை நோண்டிக்கொண்டு நின்றால் பின்னால் வருகிறவர்களுக்கும் தாமதம்.

பழைய_பத்மினி | ஜனவரி 10, காலை 8:05

என் பழைய பிரீமியர் பத்மினி காரைக் கொண்டுவரலாமா? 1089 சி.சி., நான்கு கியர், நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். ஏறும்போது பாதிக்கு மேல் இரண்டாவது கியர்தான், வளைவில் முதல் கியர். உங்களுக்கெல்லாம் சிரமமாக இருக்குமென்றால் நான் முன்னாலேயே தனியாகப் புறப்பட்டு மேலே காத்திருக்கிறேன், எனக்கு வருத்தமில்லை.

இந்தக் கார் அப்பா வாங்கியது. எனக்குப் பத்து வயதில் இதே பாதையில் இதிலேயே ஏறியிருக்கிறேன். அப்போது பெட்ரோல் பம்பு சூடேறி வேப்பர் லாக் ஆகி நின்றுவிடும். குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியானால் பம்பு வெறும் ஆவியைத்தான் இழுக்கும், கார்புரேட்டருக்கு ஒன்றும் போய்ச் சேராது. அம்மா ஒரு பழைய வேட்டியைத் தண்ணீரில் நனைத்துக் கொடுப்பார், அப்பா அதைப் பம்பின் மேல் சுற்றுவார். கால் மணி நேரத்தில் வண்டி கிளம்பிவிடும். இப்போதும் டிக்கியில் ஒரு துணியும் ஐந்து லிட்டர் தண்ணீரும் வைத்துத்தான் ஓட்டுகிறேன்.

டர்போ தம்பிக்கு ஒன்று சொல்லட்டுமா? மலையில் முன்னால் போகிற வண்டி மெதுவாகப் போனால் அது பின்னால் வருகிறவருக்குக் கிடைத்த வாய்ப்பு. அடுத்த வளைவுக்கு எந்த கியர், எங்கே திருப்ப ஆரம்பிப்பது என்று யோசிக்க நேரம் கிடைக்கிறது. நான் ஓட்டக் கற்றுக்கொண்டதே லாரிக்குப் பின்னால் போய்த்தான்.

சிவப்பு_ஸ்விஃப்ட் | ஜனவரி 10, காலை 11:30

இத்தனை நாளும் படிப்பதோடு சரி, இங்கே எழுதுவது இதுதான் முதல் முறை. ஆறு வருடமாகத் தினமும் கோவை ஊருக்குள் ஓட்டுகிறேன், ஆனால் மலைப்பாதையில் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. குடும்பத்தோடு போகும்போதெல்லாம் அடிவாரம் வந்ததும் கணவர் "நகரு, நான் ஓட்டறேன்" என்பார், நானும் நகர்ந்துவிடுவேன். இந்த முறை 40 வளைவையும் நானே ஓட்ட வேண்டும். அவர் குழந்தைகளோடு பின்சீட்டில் உட்கார ஒத்துக்கொண்டிருக்கிறார்.

பெரியவனுக்கு வளைவில் வாந்தி வரும், அதனால் நடுவில் நிறுத்த வேண்டியிருக்கும். என்னைப் போன்றவர்கள் வரலாமா, இல்லை அனுபவம் உள்ளவர்களுக்கு மட்டுமா?

பழைய_பத்மினி | ஜனவரி 10, மதியம் 12:10

தாராளமாக வா அம்மணி. எனக்குப் பின்னால் வந்தால் போதும், நான் போகிற வேகத்தில் யாருக்கும் பயம் வராது. பையனுக்குப் புறப்படும் முன் வயிறு நிறையக் கொடுக்காதே, அதற்காகப் பட்டினியும் போடாதே. இரண்டு இட்லி போதும். தூரத்து மலையைப் பார்க்கச் சொல், போனைக் கையில் கொடுக்காதே.

வால்பாறைவாசி | ஜனவரி 10, இரவு 8:45

இந்த இழையை முழுதாகப் படித்தேன். பிறந்ததில் இருந்து வால்பாறைதான். அப்பாவும் அம்மாவும் எஸ்டேட் வேலை. இப்போது நான் டவுனில் கடை வைத்திருக்கிறேன். நீங்கள் வருவதில் எனக்கு மகிழ்ச்சிதான், வருகிறவர்களை நம்பித்தான் என் கடையும் ஓடுகிறது. ஆனால் இருபது கார் ஒரே வரிசை என்பதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

பொள்ளாச்சிக்கு இறங்க எங்களுக்கு இருப்பது இந்த ஒரே சாலை. மலக்கப்பாறை வழியாகச் சாலக்குடிக்கு ஒரு பாதை உண்டு, அது நூறு கிலோமீட்டருக்கு மேல், பெரும்பகுதி காடு, இரவில் சாவடி மூடிவிடுவார்கள். பிரசவம் சிக்கலானாலும் நெஞ்சுவலி வந்தாலும் இந்த 40 வளைவில்தான் ஆம்புலன்ஸ் இறங்கியாக வேண்டும். என் தங்கையை அப்படித்தான் ஒரு ஞாயிறு மாலை கொண்டுபோனோம். அடிவாரம் போய்ச் சேர வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் கூடுதலாக ஆனது. சைரன் கேட்டும் வழிவிட முடியாமல் முன்னால் வண்டிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. யாரும் வேண்டுமென்று மறிக்கவில்லை, ஒதுங்க இடமில்லை, அவ்வளவுதான். தங்கையும் குழந்தையும் நன்றாக இருக்கிறார்கள். அந்த ஒரு மணி நேரத்தை மட்டும் எங்கள் வீட்டில் யாராலும் மறக்க முடியவில்லை.

அப்புறம் பஸ். கொண்டை ஊசியில் அரசு பஸ் திரும்ப மொத்த சாலையும் வேண்டும். டிரைவர் கீழிருந்தே ஹாரன் அடித்துக்கொண்டு வருவார். மேலிருந்து வருகிறவர் வளைவுக்கு முன்னாலேயே நின்றுவிட்டால் பத்து நொடியில் முடிகிற வேலை. வளைவுக்குள் மூக்கை நுழைத்துவிட்டால் அந்தக் கார் பின்னால் போக வேண்டும், அதற்குப் பின்னால் இருக்கிற பத்தொன்பது காரும் பின்னால் போக வேண்டும். எப்படிப் போவீர்கள்?

கொழுந்து ஏற்றிய லாரிகள் தோட்டத்தில் இருந்து ஃபாக்டரிக்குப் போகிற நேரம் உண்டு. பறித்த கொழுந்து வழியில் சூடேறினால் தேயிலையின் தரம் போய்விடும். நீங்கள் வரிசையாக நிறுத்திப் படம் எடுக்க ஆசைப்படுகிற அந்தத் தோட்டச் சாலைகள்தான் அவர்கள் போகிற வழி.

வராதீர்கள் என்று சொல்லவில்லை. பிரிந்து வாருங்கள். எங்கள் ஊர் டிரைவர்கள் மலையில் ஓட்டுகிற மாதிரி ஓட்டுங்கள்.

டர்போ_தம்பி | ஜனவரி 10, இரவு 9:20

அண்ணா, உங்கள் தங்கை விஷயம் கேட்டு வருத்தமாக இருந்தது. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். விடுமுறையில் ஆயிரக்கணக்கான வண்டிகள் வருகின்றன. வருடத்துக்கு ஒரு முறை ஒழுங்காகத் திட்டம் போட்டு வருகிற நாங்கள்தான் பிரச்சினையா? எங்கள் குழுவில் குடித்துவிட்டு ஓட்டுகிறவர் கிடையாது, பாட்டில் எறிகிறவர் கிடையாது. சேர்ந்து போவதில்தானே சந்தோஷமே இருக்கிறது? பிரிந்து போவதென்றால் அவரவர் தனியாகவே போய்க்கொள்ளலாமே.

வால்பாறைவாசி | ஜனவரி 10, இரவு 9:50

தனித்தனியாக வருகிற ஆயிரம் வண்டிக்கு இடையில் இடைவெளி இருக்கிறது தம்பி. ஒட்டிக்கொண்டு வருகிற இருபதுக்கு நடுவில் அது இல்லை. நல்லவர்களா கெட்டவர்களா என்பது என் கேள்வியே இல்லை. சேர்ந்து சாப்பிடுங்கள், சேர்ந்து தங்குங்கள், ராத்திரி முழுக்கக் கார் கதை பேசுங்கள். என் கடைக்கு வந்தால் டீ என் பொறுப்பு.

ஈச்சனாரி_எக்ஸ்பிரஸ் | ஜனவரி 12, இரவு 10:05

இரண்டு நாள் இதையே யோசித்தேன். ஏற்காட்டில் பதினான்கு கார் வரிசையாகப் போனபோது பின்னால் எத்தனை பேர் மாட்டியிருந்தார்கள் என்று நான் எண்ணிப் பார்க்கவே இல்லை. அந்த வரிசைப் படம் எனக்கு வேண்டாம். திட்டத்தை மாற்றுகிறேன்.

பிப்ரவரி 7, 8. மொத்தம் ஒன்பது கார், அதற்கு மேல் சேர்ப்பதில்லை. மூன்று மூன்றாக மூன்று குழு. அடிவாரத்தில் இருந்து குழுவுக்குக் குழு பத்து நிமிட இடைவெளி. ஒவ்வொரு குழுவிலும் மெதுவான வண்டி நடுவில், பாதை தெரிந்தவர் முன்னால், கருவிப் பெட்டியும் இழுவைக் கயிறும் உள்ளவர் கடைசியில். குழுவுக்குள்ளும் இரண்டு காருக்கு நடுவில் ஒரு பஸ் நுழையும் அளவுக்கு இடம் இருக்க வேண்டும். பின்னால் பஸ்ஸோ, லாரியோ, அவசரக்காரரோ வந்தால் அடுத்த அகலமான இடத்தில் மூவரும் ஒதுங்கி வழிவிடுவோம்.

முன்னால் போகிறவரைத் துரத்த வேண்டாம். பின்னால் வருகிறவர் கண்ணாடியில் தெரிகிறாரா என்று மட்டும் பாருங்கள். தெரியவில்லை என்றால் வேகத்தைக் குறையுங்கள். எல்லோரும் இதைச் செய்தால் யாரும் தொலைய மாட்டார்கள். ஆழியாறு தாண்டினால் பல இடங்களில் போன் எடுக்காது, அதனால் உரிமம் தேவைப்படாத 446 மெகாஹெர்ட்ஸ் வாக்கி டாக்கி ஆறு கொண்டுவருகிறேன், குழுவுக்கு இரண்டு.

இறங்கும்போது ஏறுகிற வண்டிக்கு முன்னுரிமை. குறுகலான மலைச்சாலையில் இறங்குகிறவர்தான் வழிவிட வேண்டும் என்று 2017 ஓட்டுநர் ஒழுங்குமுறையிலேயே இருக்கிறது. வளைவில் படம் எடுக்க நிற்பது கிடையாது, ஒன்பதாவது வளைவுக் காட்சிமுனை போல வண்டி நிறுத்த இடமுள்ள இடங்களில் மட்டும் நிற்போம். மூடுபனியில் லோ பீம். ஹை பீம் போட்டால் பனி வெளிச்சத்தை நம் கண்ணுக்கே திருப்பி அடிக்கும். ஓடும்போது நான்கு இண்டிகேட்டரையும் போட்டுவைக்காதீர்கள், யார் எந்தப் பக்கம் திரும்புகிறார் என்று தெரியாமல் போகும்.

டர்போ தம்பி, நீ என் குழுவில் கடைசி வண்டி. அது பொறுப்பான இடம், அதனால்தான் உனக்குக் கொடுக்கிறேன். பத்மினி சார் மெதுவாகப் போனாலும் பாதை தெரிந்தவர், அதனால் இரண்டாவது குழுவில் முன்னால், அவருக்குப் பின்னால் சிவப்பு ஸ்விஃப்ட் அக்கா.

மின்வண்டிக்காரர் | ஜனவரி 13, காலை 7:30

என் மின்சாரக் காரும் வரும். மலை ஏற முடியுமா என்று போன முறை சிலர் கேட்டதால் கணக்கைப் போட்டு வைக்கிறேன். காரும் ஆட்களும் சேர்ந்து 1600 கிலோ. அடிவாரத்தில் இருந்து உச்சிக்கு 800 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டால் அந்த எடையைத் தூக்குவதற்கு மட்டும் மூன்றரை யூனிட் மின்சாரம் கூடுதலாகச் செலவாகும். இறங்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறிப் பிரேக் பிடிக்கும். டயர் உராய்வு, காற்று எல்லாம் போக ஒன்றரை யூனிட்டாவது பேட்டரிக்குத் திரும்பி வரும்.

ஒரு எச்சரிக்கை. மேலே தங்குகிற இடத்தில் சார்ஜ் போட வாய்ப்புக் கிடைத்தாலும் 100 சதவீதம் நிரப்பிக்கொண்டு இறங்கக் கூடாது. பேட்டரியில் இடமில்லை என்றால் மோட்டார் பிரேக் வேலை செய்யாது, மொத்தச் சுமையும் சாதாரண பிரேக்கின் தலையில் விழும். நான் பொள்ளாச்சியில் நிரப்பிக்கொண்டு அதோடு போய் வந்துவிடுவேன்.

வெள்ளை_எஸ்யூவி | ஜனவரி 13, மாலை 6:15

நானும் வருகிறேன், ஐந்து பேர். என்னுடையது ஆட்டோமேட்டிக். டி-யில் போட்டுவிட்டால் ஏறும்போதும் இறங்கும்போதும் கியரை அதுவே பார்த்துக்கொள்ளும் அல்லவா?

பழைய_பத்மினி | ஜனவரி 13, இரவு 8:20

ஏறும்போது பார்த்துக்கொள்ளும் தம்பி. இறங்கும்போது அதை நம்பாதீர்கள். ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்ததும் நாம் நிதானமாகப் போக நினைக்கிறோம் என்று புரிந்துகொண்டு மேல் கியருக்குப் போகிற வண்டிகள் நிறைய உண்டு. மேல் கியரில் என்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்தாது. மேனுவல் மோடு இருந்தால் இரண்டில் வையுங்கள், இல்லையென்றால் எல் அல்லது 2 என்று எழுதியிருக்கும்.

மின்வண்டிக்காரர் போட்ட கணக்கையே பிரேக்குக்குப் போட்டுப் பாருங்கள். 1200 கிலோ கார் 800 மீட்டர் இறங்கினால் வெளியேறுகிற சக்தி ஏறக்குறைய 30 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும். அந்தச் சூட்டில் ஒரு பங்கு காற்றுக்கும் டயருக்கும் போகும், மிச்சத்தை என்ஜின் வாங்க வேண்டும் அல்லது பிரேக் வாங்க வேண்டும். உங்கள் வண்டி ஐந்து பேரோடு இன்னும் கனம். மொத்தத்தையும் பிரேக் தலையில் கட்டினால் பிரேக் தட்டு (டிஸ்க்) சூடாகும், அந்தச் சூடு பிரேக் ஆயிலுக்கு ஏறும். ஆயில் கொதித்தால் குமிழி வரும். பெடலை மிதித்தால் குமிழிதான் நசுங்கும், வண்டி நிற்காது.

டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை தாங்கும். ஆனால் அது காற்றில் இருந்து ஈரத்தை இழுக்கும். ஈரம் ஏறிய பிறகு தாங்குவது 155 டிகிரி அளவுதான். ஆயில் மாற்றி இரண்டு வருடம் ஆகியிருந்தால் வருவதற்கு முன் மாற்றிவிடுங்கள். பழைய டிரைவர்கள் சொல்கிற கணக்கு சுலபம்: எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு. பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டே வராதே. பிடித்தால் நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடு, தட்டு ஆறட்டும்.

ஈச்சனாரி_எக்ஸ்பிரஸ் | பிப்ரவரி 9, இரவு 9:00

ஒன்பது காரும் நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தன. நடுவில் ஒரு சிக்கல் வந்தது, அதைச் சம்பந்தப்பட்டவரே எழுதுகிறேன் என்றார்.

சனிக்கிழமை ஏழே முக்காலுக்கு ஆழியாறு. வலப்பக்கம் அணை, தண்ணீருக்கு மேல் லேசான புகை மாதிரிப் பனி. கவியருவி தாண்டியதும் வளைவுகள் ஆரம்பம். ஒன்பதாவது வளைவில், இந்தப் பாதையைப் போட்ட பொறியாளர் லோம் பெயரில் இருக்கிற காட்சிமுனையில், முதல் குழு நின்றோம். கீழே பார்த்தால் நாம் ஏறி வந்த சாலை நூல் மாதிரி மடிந்து கிடக்கிறது. அதற்கும் கீழே ஆழியாறு நீர்த்தேக்கம், அப்பால் பொள்ளாச்சித் தென்னை பச்சைத் தரையாக விரிந்து போகிறது. ஐந்து வரையாடுகள் சாலையோரச் சுவரின் மேலேயே நின்றன. நம் மாநில விலங்கை இவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததில்லை. ஒரு குட்டி சுவரில் இருந்து பாறைக்குத் தாவியது. அந்தப் பாறையில் கால் வைக்க எனக்கு ஓர் இடமும் தெரியவில்லை, அது ஓடிக்கொண்டே இறங்கிப் போய்விட்டது.

பத்து நிமிடம் கழித்து இரண்டாவது குழு வருவது கீழேயே கேட்டது. பத்மினியின் சத்தம் தனி. வளைவுக்கு வளைவு மறைந்து மறைந்து, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மேலே தெரிந்தது. இருபது கார் வரிசை எப்படி இருந்திருக்கும் என்று தெரியாது. அந்தச் சின்ன வெள்ளைக் கார் ஒன்று மலையில் ஏறி வருவதை மேலிருந்து பார்த்துக்கொண்டு நின்றது எனக்குப் போதுமாக இருந்தது.

அட்டகட்டி தாண்டிக் கவர்கல் பக்கம் பனி இறங்கியது. முன்னால் போகிற காரின் பின்விளக்கு மட்டும்தான் தெரிந்தது. அதைத் தாண்டியதும் திடீரென்று வெயில், இரண்டு பக்கமும் தேயிலை. புதுத்தோட்டத்தில் சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் கட்டியிருக்கும் பாலத்தைப் பார்க்க ஒதுங்கி நின்றோம். பழைய தீயணைப்புக் குழாய்களைப் பின்னிக் கட்டியது. சிங்கவால் குரங்குகள் வண்டியில் அடிபடாமல் சாலையைக் கடக்க அதுதான் வழி. ஒரு தாய் வயிற்றில் குட்டியோடு எங்கள் தலைக்கு மேலே கடந்து போனது. பக்கத்தில் ஒரு வண்டியில் இருந்து பிஸ்கட் எறிந்தார்கள். பத்மினி சார் இறங்கிப் போய், சாலைக்கு இறங்கப் பழகிவிட்டால் அந்தக் குட்டி அடிபட்டுவிடும் என்று பொறுமையாகச் சொன்னார். அவர்களும் பாக்கெட்டை உள்ளே வைத்துவிட்டார்கள்.

மாலை சோலையாறு அணை போய்த் திரும்பும்போது சாலையோரக் கம்பத்தில் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. அக்கம்பக்கத்தில் யானை இருந்தால் ஊர்க்காரர்களே போன் மூலம் எரியவைக்கிற விளக்கு அது என்று வால்பாறைவாசி முன்பே சொல்லியிருந்தார். என்ஜினை அணைத்துவிட்டு நின்றோம். யானையைப் பார்க்கவில்லை. கிளை முறிகிற சத்தம் மட்டும் தேயிலைக்கு அந்தப் பக்கம் சோலைக்குள் இருந்து நெடுநேரம் கேட்டது. எதிரில் வந்த ஜீப்காரர் போகலாம் என்று கை காட்டிய பிறகே கிளம்பினோம்.

சிவப்பு_ஸ்விஃப்ட் | பிப்ரவரி 9, இரவு 9:45

40 வளைவையும் நானே ஓட்டினேன். ஏறவும் இறங்கவும்.

முதல் நான்கு வளைவு கை நடுங்கியது. மூன்றாவதில் இரண்டாவது கியரிலேயே போய் வண்டி திணறி அணைந்துவிட்டது. பின்னால் ஒரு வேன். ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, ஸ்டார்ட் செய்து, கிளட்ச் பிடிக்கிற இடம் வரும்வரை காத்திருந்து விட்டேன், பின்னால் நகரவே இல்லை. வேன்காரர் ஹாரன் அடிக்கவில்லை. அதன் பிறகு பத்மினி சார் வளைவுக்கு முன் எங்கே பிரேக் விளக்கு எரிய வைக்கிறார், எவ்வளவு வெளியே போய் உள்ளே திரும்புகிறார் என்று பார்த்துக்கொண்டே அப்படியே செய்தேன். எண் பலகை பெரிய உதவி. பையன் பின்சீட்டில் இருந்து ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்துக்கொண்டு வந்தான். அந்த மும்முரத்தில் இருபத்தியிரண்டு வரை வாந்தி ஞாபகமே வரவில்லை.

கணவர் மலை முழுக்க ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. மேலே போய் இறங்கியதும், "அந்த பஸ்ஸுக்கு நீ முன்னாடியே நின்ன பாரு, நானா இருந்தா உள்ள போயிருப்பேன்" என்றார்.

வெள்ளை_எஸ்யூவி | பிப்ரவரி 10, காலை 7:10

ஈச்சனாரி அண்ணன் சொன்ன சிக்கல் என்னுடையதுதான்.

ஞாயிறு ஒன்பதரைக்கு இறங்க ஆரம்பித்தோம். மேனுவல் மோடில் வைக்க வேண்டும் என்று நினைவில் இருந்தது. ஆனால் அட்டகட்டி வரை சாலை சாதாரணமாக இருந்ததால் டி-யிலேயே விட்டுவிட்டேன், அப்புறம் பேச்சில் மறந்தேபோனேன். பதினெட்டாவது வளைவில் எரிகிற வாசம் வந்தது. எதிரில் ஏறுகிற லாரியின் கிளட்ச் என்று நினைத்தேன். பதினேழில் பெடல் பாதிக்கு மேல் உள்ளே போனது. பஞ்சை மிதிப்பது போல இருந்தது. இன்னொரு முறை அழுத்தி மிதித்தேன், கொஞ்சம் பிடித்தது. லீவரைத் தட்டி ஒன்றுக்கு இறக்கினேன், என்ஜின் கத்தியது, வேகம் விழுந்தது. வளைவு தாண்டி இருந்த அகலமான இடத்தில் ஹேண்ட்பிரேக்கின் உதவியோடு நிறுத்தினேன். முன் சக்கரங்களில் இருந்து புகை. பின்னால் என் அம்மாவும் இரண்டு குழந்தைகளும்.

டர்போ தம்பி எனக்குப் பின்னால் வந்தவர். வண்டியை எனக்கு மேலே பாதுகாப்பாக நிறுத்தி, முக்கோணப் பலகையைக் கொண்டுபோய் வளைவுக்கு முன்னால் வைத்து, சக்கரத்துக்குக் கல் கொடுத்தார். என் மைத்துனர் தண்ணீர் ஊற்றப் போனார், அவரைத் தடுத்ததும் தம்பிதான். அவ்வளவு சூட்டில் தண்ணீர் பட்டால் தட்டு வளைந்துவிடும், விரிசல் விடவும் கூடும். நாற்பது நிமிடம் அப்படியே விட்டோம். பெடல் மறுபடி கெட்டியானதும் மீதி வளைவுகளை ஒன்று, இரண்டு கியரிலேயே இறங்கினோம். பிரேக்கைத் தொட்டது மிகக் குறைவு.

பத்மினி சார் எழுதியதை நான் படித்திருந்தேன். படித்தும் செய்யவில்லை. இனி இறங்குகிறவர்கள் வால்பாறை டவுனைத் தாண்டும்போதே லீவரை மாற்றிவிடுங்கள், இறக்கம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

மின்வண்டிக்காரர் | பிப்ரவரி 10, காலை 8:30

கணக்கின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். மேலே 61 சதவீதம், ஆழியாறு வந்தபோது 64. என்னுடையது 40 யூனிட் பேட்டரி, அதனால் ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல் திரும்பி வந்திருக்கிறது. நான் எதிர்பார்த்ததைவிடக் குறைவு, பனியில் விளக்கும் ஏசியும் போட்டிருந்தேன். அடிவாரத்தில் பிரேக் தட்டுக்குப் பக்கத்தில் கை வைத்துப் பார்த்தேன், சூடே இல்லை.

டர்போ_தம்பி | பிப்ரவரி 10, மதியம் 1:20

வேகமாகப் போகத் தனிக் குழு கேட்டவன் நான்தான். கடைசி வண்டியாக வந்ததில் எனக்கு முன்னால் இருப்பவர்களையே பார்த்துக்கொண்டு வந்தேன். யார் வளைவுக்கு முன் தயங்குகிறார், யாருடைய பிரேக் விளக்கு அணையாமலே எரிகிறது என்று தெரிய ஆரம்பித்தது. எஸ்யூவி அண்ணனின் பிரேக் விளக்கு இருபதாவது வளைவில் இருந்தே அணையவில்லை. வாக்கி டாக்கியில் சொல்லலாமா என்று யோசித்தேன், பெரியவரிடம் எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டேன். அடுத்த முறை சொல்லிவிடுவேன்.

பழைய_பத்மினி | பிப்ரவரி 10, மதியம் 2:00

கட்டாயம் சொல்லு கண்ணு. வயது பார்த்தால் மலையில் ஆகாது.

வேப்பர் லாக் இந்த முறை வரவில்லை. காலைக் குளிரில் ஏறியதால் இருக்கலாம். துணி நனையாமலே திரும்பி வந்தது.

வால்பாறைவாசி | பிப்ரவரி 11, இரவு 8:30

கடைக்கு எல்லோரும் வந்ததில் மகிழ்ச்சி. எஸ்யூவிக்காரர் அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள். சக்கரத்துக்கு வைத்த கல்லைக் கிளம்பும்போது ஓரமாகத் தூக்கிப் போட்டீர்களா என்று கேட்க நினைத்தேன். நேற்று பொள்ளாச்சி இறங்கும்போது பார்த்தேன், பதினேழில் சாலை சுத்தமாக இருந்தது. ராத்திரியில் பைக்கில் வருகிறவர்கள் அந்தக் கற்களில் ஏறித்தான் விழுகிறார்கள்.

சனிக்கிழமை காலை வண்டி ஓட்டி வந்த எங்கள் ஊர் பஸ் டிரைவர் தினமும் என் கடையில்தான் டீ குடிப்பார். ஒன்பது கார் ஒன்றாக வந்தார்களே, வழியில் தொந்தரவாக இருந்ததா என்று கேட்டேன். "ஒன்பதா? நான் ஒரு பழைய பத்மினியையும் கூட ரெண்டு காரையும்தான் பார்த்தேன். ஒதுங்கி நின்னு கை காட்டி விட்டாங்க" என்றார்.

வெள்ளை_எஸ்யூவி | பிப்ரவரி 14, மாலை 5:40

ஒர்க்‌ஷாப்பில் இருந்து வண்டி வந்துவிட்டது. பிரேக் ஆயிலை மீட்டர் வைத்துப் பார்த்தார்கள், ஈரம் மிக அதிகம். கார் வாங்கி ஐந்து வருடம், ஒருமுறையும் மாற்றவில்லை. கேட்டு மாற்றச் சொல்லியிருக்க வேண்டியவன் நான். முன் பேட் இரண்டும் மேற்பரப்பு எரிந்து கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது, அவற்றையும் மாற்றியாயிற்று. தட்டு வளையவில்லை, தப்பித்தது.

அடுத்த பயணத்துக்கு என் பெயரையும் போடுங்கள். பத்மினி சார் குழுவில் இடம் இருந்தால் அவருக்குப் பின்னால் வருகிறேன்.